அரை அடி உயரம்

திருத்தணியிலிருந்து கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் அந்தப் பெண். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அரை அடி உயரம், அரை அடி உயரம்" என்று முணுமுணுத்தபடியே வந்தார்.

ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, "முடி சீக்கிரம் வளரணும்னு வேண்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

கண் திறந்து சிரித்தார். "ஐயே, அது முக்கோணத்தோட பரப்புங்க. அரை, அடிப்பக்கம், ஒசரம், மூணையும் பெருக்கணும். குரூப் ஃபோர் பரிட்ச எழுத திருவள்ளூர் போய்க்கினு இருக்கேன். போன வாட்டி அரைய மறந்துட்டேன். அப்படித் தப்பா வர்ற விடையையும் நாலுல ஒண்ணா வெச்சிருந்தாங்க. சந்தோஷமா அந்த வட்டத்த கருப்பாக்கிட்டு வந்தேன். ஒரே கேள்வியில வேலை போச்சு."

"பாஸான அப்புறம்தானே மொட்டை போடுவாங்க?"

"ஆங். பாஸானா போடறேன்னு வேண்டிக்கினா, பரிட்ச ஹால்ல முடி ஞாபகமாவே இருக்கும். அதான் முன்னாடியே முருகனுக்குக் குடுத்துட்டேன். இப்ப அரைய மட்டும் ஞாபகம் வெச்சிக்கினா போதும்."

திருவள்ளூரில் அவர் இறங்கியதும், ஜன்னல் வழியாக, "அரைய மறந்துடாதீங்க" என்றேன். தலையைத் தடவிக்கொண்டே கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அந்தத் தேர்வின் முடிவு நேற்று வந்தது. பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாததால் தேடிப் பார்க்க வழியில்லை. முடி மட்டும் இந்நேரம் அரை அடி வளர்ந்திருக்கும்.