பச்சைக் கட்டம் போட்ட சாரத்துணி

மேலப்பாளையம் நூகுவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். பட்டறையில் ஒரு பீரோப் பூட்டுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "எழுதுததுன்னா என் கேவலத்தையும் சேத்து எழுதும் வே. இல்லன்னா ஒண்ணும் எழுதாண்டாம்" என்றார்.

சரி, எழுதுகிறேன். நான் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் துப்பாக்கிக் கிளப்பில் புள்ளி எழுதுவது என் பொழுதுபோக்கு. எனக்குச் சுடத் தெரியாது. சுடுகிறவர்களின் பெருமையை உட்கார்ந்து கேட்கத் தெரியும். அந்தப் பெருமையில் முதலிடம் நூகுவுக்குத்தான்.

காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கும் முக்கூடல், ராதாபுரம் விவசாயிகளின் நாட்டுத் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது அவருக்குத் தொழில். ஆசை மட்டும் பழைய கைத்துப்பாக்கிகள் மேல். ஒரு குழல், ஒரு வெடி, அவ்வளவுதான். கருமருந்தை அளந்து குழல் வாய் வழியாகக் கொட்டி, ஈயக் குண்டைத் துணியில் பொதிந்து உள்ளே வைத்து, கம்பியால் கெட்டித்து, பின்பக்கம் கேப் என்கிற சின்னப் பொட்டுவெடியைச் செருகிச் சுட வேண்டும். அரை மணி நேரத்தில் பதின்மூன்று வெடி. அதில் நல்ல பத்துக்குத்தான் புள்ளி. குண்டைப் பொதியும் துணி கொஞ்சம் தடித்தாலும் மெலிந்தாலும் குறி விலகிவிடும் என்பதால் ஆளுக்கு ஒரு துணி வைத்திருப்பார்கள். அடுத்தவன் துணியைத் தொடமாட்டார்கள். நூகுவுடையது அவர் கட்டிப் பழசான பச்சைக் கட்டம் போட்ட சாரம், லுங்கிதான். அம்புரோஸுடையது வெள்ளைப் போர்வைத் துணி.

அம்புரோஸ் உவரிக்காரர். தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் பாளையங்கோட்டையில் மகள் ஜெர்லினோடு இருக்கிறார். பாட்டன் காலத்துக் கைத்துப்பாக்கி ஒன்றைத் துருக்கட்டியாக நூகுவிடம் கொண்டுவந்தார். நூகு ஏழு மாதம் அதோடு மல்லுக்கட்டினார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார், வில்லைப் புதிதாக அடித்தார், உளுத்துப்போன பிடிக்குத் தேக்கில் புதுப்பிடி செதுக்கினார். முதல் வெடி வெடித்தபோது அம்புரோஸ் அழுதேவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் சனிக்கிழமைதோறும் சேர்ந்து சுட்டார்கள். பாதி நாள் அம்புரோஸ் ஜெயித்தார். "துப்பாக்கி யாரு செஞ்சது?" என்று நூகு அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

போன தேர்தலுக்குச் சற்று முன்பு அந்தத் துப்பாக்கியின் விசை இறுகிவிட்டது. நூகு அதைச் சரிசெய்து, சனிக்கிழமை தன் மருந்தும் தன் துணியும் போட்டுச் சுட்டுப் பார்த்தார். கேப் மட்டும் 'டப்'பென்றது. வெடிக்கவில்லை. இரண்டாவது கேப்புக்கும் அதே கதை. நெருப்புப் போகும் துளையில் எண்ணெய் அடைத்திருந்தது. இப்படி ஆனால் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும், மருந்தையும் குண்டையும் அங்கேயே வெளியே எடுக்க வேண்டும் என்பது கிளப்பின் சட்டம். நூகு கையைத் தூக்கவில்லை. நூகு பார்த்த துப்பாக்கி வெடிக்கவில்லையாம் என்று பத்துப் பேர் சிரிப்பார்களே! துணியில் சுற்றி அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோனார். அம்புரோஸ் அன்று வரவில்லை. நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து புள்ளி எழுதிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

பட்டறையில் அந்தத் துளையுள்ள திருகைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். இனி உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். அதற்குள் தங்கை மகள் நிக்காஹுக்கு நேரமாகிவிட்டதென்று வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. மறந்துபோனார்.

திங்கட்கிழமை அம்புரோஸ் வந்தார்.

"காலிதான வே?"

"நான் பாத்த பெறவு என்ன கேள்வி?"

கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். உள்ளே ஏதாவது இருந்தால் கம்பி முழுதாக இறங்காது. இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இரண்டு நாளில் தேர்தல் அறிவித்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். காலியா என்று ஏட்டு கேட்டார். அம்புரோஸ் கம்பியை எடுத்து வரவில்லை. வாசலில் வேப்பமரத்தடிக்குப் போய்த் தரையைப் பார்த்துப் பிடித்து, வெறும் கேப்பை வெடித்துக் காட்டினார். சுடுவதற்கு முன்னால் துளையைச் சுத்தம் செய்ய எல்லாரும் எப்போதும் செய்கிற காரியம்தான். துப்பாக்கி இடிபோல வெடித்தது. கல் தெறித்து ஒரு போலீஸ்காரரின் முழங்கால் கிழிந்தது.

"யாருய்யா லோடு போட்டது?" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

அம்புரோஸ், "எங்கிட்டதான் ரெண்டு நாளா இருந்துச்சி. நான்தான் போட்டிருப்பேன்... ஞாபகம் இல்லய்யா" என்றார்.

நூகு கீழே பார்த்தார். காலடியில் கருகிய துணி ஒன்று கிடந்தது. பச்சைக் கட்டம். அவர் அதன்மேல் செருப்பை வைத்து மிதித்துக்கொண்டார். எல்லாரும் போலீஸ்காரரைத் தூக்கப் போனபோது குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்ட எனக்கே கூசியது.

வழக்குப் போட்டார்கள், துப்பாக்கியைப் பறிமுதல் செய்தார்கள், லைசென்ஸை ரத்து செய்தார்கள். நூகு பார்த்த துப்பாக்கிதானே என்று ஊரில் பேச்சும் எழுந்தது. அதையெல்லாம் அம்புரோஸ் தாங்கிக்கொண்டார். குண்டு போட்டதே நினைவில்லை என்றால் இன்னும் என்னென்ன மறந்திருக்கிறோமோ என்ற பயத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஜெர்லின் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார், ஆனாலும் தன்னைத்தானே நம்பவில்லை. ஸ்கூட்டர் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார். வெளியே வருவதை நிறுத்திவிட்டார். வயசாகிவிட்டது, பாவம் என்று கிளப்பில் எல்லாரும் பேசிக்கொண்டோம். நூகுவும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டு மாதம் கழித்து ஜெர்லின் நூகுவுக்குப் போன் செய்தாள். "அப்பா யாருட்டயும் பேசமாட்டேங்காவ மாமா. நீங்க ஒருக்க வந்தா நல்லாருக்கும்."

போனார். வீட்டுச் சுவர் முழுக்க அம்புரோஸின் கையெழுத்தில் சீட்டுகள். 'கேஸை மூடு.' 'கதவு பூட்டினாயா?' 'காலை மாத்திரை ஒன்று.' போனுக்குப் பக்கத்தில் இருந்த சீட்டை நூகு படித்தார். 'நூகுவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னால் அவர் பேரும் கெட்டது.'

நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அம்புரோஸ் தலையை ஆட்டினார். "என் மனசு ஆறணும்னு சொல்லுதீரு. நீராவது, மறக்கதாவது! பொய் சொல்லாதயும் வே."

நூகு சட்டைப்பையிலிருந்து, எட்டு மாதமாக எறியாமல் வைத்திருந்த அந்தத் துணியை எடுத்து நீட்டினார். அம்புரோஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். நடுவில் கரி, ஓரத்தில் பச்சைக் கட்டம். வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து சத்தமாகக் கூப்பிட்டார்.

"ஏட்டி ஜெர்லின்! எனக்கு ஒண்ணும் இல்லட்டி! நான் மறக்கலட்டி! என் துணி வெள்ளைலா!"

அழுதுகொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே நூகுவைக் கட்டிப்பிடித்தார். "செருப்பால அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் வே, கட்டிப்பிடிச்சதத்தான் தாங்க முடியல" என்றார் நூகு என்னிடம். பிறகு அம்புரோஸ் சுவரிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார். போன் பக்கத்துச் சீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அதைக் கிழிக்காமல் பைய உரித்து, இரண்டாக மடித்து நூகுவின் கையில் வைத்தார்.

"எட்டு மாசம்" என்றார். "நாளைக்கு ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிரும். பெறவு இங்கன வராண்டாம்."

மறுநாள் நூகு எழுதிக் கொடுத்தார். அவருடைய லைசென்ஸும் போனது. இப்போது பூட்டும் சாவியும்தான் பிழைப்பு. அம்புரோஸ் பழையபடி ஸ்கூட்டர் ஓட்டுகிறார். பட்டறை வழியாகத்தான் போகிறார், திரும்பிப் பார்ப்பதில்லை.

சொல்லி முடித்துவிட்டு நூகு மேசை இழுப்பறையைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்துத் தந்தார். மடித்த இடத்தில் கிழியத் தொடங்கியிருந்தது.

"எழுத்து மாறாம அப்படியே போடும்" என்றார். "என் பேரு கெட்டுச்சின்னு அவரு வருத்தப்பட்டாருலா, அதயும் போடும்."