ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளை

மூளைக்கு அடியில் கபச்சுரப்பியில் இருந்த கட்டியை எடுத்த பிறகு, அந்தச் சுரப்பி தர மறந்ததையெல்லாம் என் கணவருக்குத் தினமும் விழுங்குகிற குளிசைதான் தந்துகொண்டிருந்தது. காய்ச்சலோ பெரிய அதிர்ச்சியோ வந்தால் குளிசையைக் கூட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அதிர்ச்சி என்ற சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அன்றோடு அவருடன் சண்டை பிடிப்பதை விட்டுவிட்டேன்.

அதற்கு முதல் வாசல் படலை பூட்டாததற்கும், மீன் குழம்பில் புளி கூடியதற்கும் கொழும்புத்துறை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டவர்கள் நாங்கள். பிறகு அவர் எதைச் செய்தாலும் நான் "பரவாயில்லை" என்றேன். அவருடைய பேச்சும் குறைந்து குறைந்து "ஓம்", "இல்லை" என்பதோடு நின்றது. தலைக்குள் வந்த வருத்தம் செய்கிற வேலை என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டொக்டர் பிள்ளை வந்தாள். ஹோர்மோன் குறைந்தவர்களின் மனநிலை பற்றி ஆராய்ச்சியாம். விறாந்தையில் அவருக்கு முன்னால் இருந்துகொண்டு, "அங்கிள், இப்ப எதிலை சந்தோசம் வருது?" என்று கேட்டாள். மனுசன் கதைத்தார்! கடல் காற்றைப் பற்றி, கனவுகளைப் பற்றி, ஏன் அழுகை வருவதில்லை என்பதைப் பற்றி. நடுவில் சிரிப்பு வேறு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவளுக்கு என் மகளின் வயதுதான். அதனால் எரிச்சல் ஒன்றும் குறையவில்லை. அவளுடைய தேநீரைச் சீனி போடாமல் கொண்டுபோய் வைத்தேன். "நல்ல ரீ, அன்ரி" என்று குடித்து முடித்தாள்.

அடுத்த முறை அவள் வருகிற அன்று தன் சேர்ட்டை அயன் பண்ணித் தரச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு பண்ணிக் கொடுத்தேன்.

"வீட்டிலை ஆரோடை மனம் விட்டுக் கதைப்பியள், அங்கிள்?"

"ஒருத்தரோடையும் இல்லை, பிள்ளை."

கையில் இருந்த தட்டை மேசையில் அடித்து வைத்தேன்.

"ஏன், நான் ஒருத்தி செத்தே போனன்? எனக்கு ஓம், இல்லை. இவவுக்கு மட்டும் கதை பொங்கிக்கொண்டு வருகுதோ?"

சொன்ன உடனே பயம் பிடித்தது. குளிசைப் போத்தலை எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீரே, பிள்ளை? என்ரை மனுசி திரும்பி வந்திட்டா."

பிறகு என்னைப் பார்த்தார்.

"செத்த வீட்டுக்கு வந்த ஆள் மாதிரியெல்லோ இவ்வளவு காலமும் மெல்லமாக் கதைச்சனீர். அப்பிடிக் கதைக்கிற ஆளோடை நான் என்னத்தைக் கதைக்கிறது?"

அன்று மத்தியானம் குழம்பில் புளி கூடிப்போச்சு என்றார். நான் விடவில்லை.