சவரி இல்லாத பின்னல்

என் தலைமுடியைப் பார்த்துச் சிரித்தது தமிழ்ச் சனம். அது என்னுடையதுதானா என்று சந்தேகப்பட்டது கறுப்பினப் பெண்கள். இரண்டு பக்கத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

நான் திருகோணமலை. அப்பாவின் முன்னோர்களை வெள்ளைக்காரன் ஆப்பிரிக்காவிலிருந்து சிப்பாய் வேலைக்குக் கொண்டுவந்தான். அம்மா தமிழ், வீட்டில் பேசியதும் தமிழ். பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'காப்பிலி'. கனடாவில் மொன்றியலுக்கு வந்து, யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவரைக் கட்டி, கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போனேன். அங்கே ஹெயிட்டிப் பெண்கள் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்து பிரெஞ்சில் கதைத்தார்கள். என் கொண்டையை மட்டும் நம்பவில்லை. "எந்தக் கடையில் வாங்கினாய்?" என்று கேட்டார்கள். நம் முடி நீளமாக வளராது என்று சின்ன வயதிலிருந்தே அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, அவர்களும் அதை நம்பிவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றி எரியும்.

என் மகளுக்கும் என் முடிதான். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரிச் சுருள். காய்ந்திருந்தால் தோளைத் தொடாது. நனைத்து இழுத்துப் பிடித்தால் இடுப்பைத் தாண்டும். பிறந்ததிலிருந்து, சுருளை நிமிர்த்துகிற எந்த மருந்தும் அதில் படவிடவில்லை. ஈரத்தில் கிறீம் பூசி, அகலப் பல்லுச் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்துப் பின்னுவேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போகும். சொந்த வீடு எங்களுக்கு இல்லை. பெருமையாகக் காட்ட அந்தத் தலை இருந்தது.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு இருக்கும். அவள் பெரியபிள்ளையானாள். சாமத்தியவீடு என்கிற பூப்புச் சடங்கில் பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து மாமி தண்ணீர் வார்ப்பது வழக்கம். இங்கே அதை வில்லரேயில் மண்டபம் எடுத்து, வீடியோவுக்கு முன்னால் செய்கிறோம். மாமி என்றால் என் புருசனின் அக்கா, என் மச்சாள். ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து தொடங்கினா.

"இஞ்ச பாரும், பிள்ளையின்ர தலையை மருந்து போட்டு நிமித்திப்போடும். சும்மா சூடு காட்டி நிமித்தினா, நான் தண்ணி வாக்க எல்லாம் திருப்பி எழும்பிடும். பேந்து வீடியோவில பத்தைக் காட்டைத் தலையில வச்ச மாதிரி நிப்பாள்."

"அவளுக்கு நீளமான தலைமயிர், மச்சாள்."

"எங்க நீளம்? தோளுக்கு மேல நிக்குது."

"நனைச்சாத்தான் தெரியும்."

"வாற ஆக்களுக்கு நனைச்சோ காட்டப் போறீர்?"

"நீங்கள்தானே வாக்கப் போறியள்."

மச்சாள் சிரிக்கவில்லை. லொங்குய்யில் அலங்காரம் செய்கிற பெண்ணோடு கதைத்துவிட்டதாகவும், ஒட்டவைக்கிற பொய்முடியை, சவரியை, அவவே கொண்டு வருவா என்றும் சொல்லிவிட்டுப் போனா.

அது எனக்குப் பெரிதில்லை. அன்று பின்னேரம் மகள் சொன்னதுதான் நெஞ்சில் குத்தியது. "அம்மா, மருந்து போடுவமே. ஒருக்கா மட்டும். வகுப்புப் பிள்ளையளும் வருகினம்." அவள் வகுப்பில் கறுத்தப் பிள்ளைகள் எல்லாருமே நிமிர்த்திய தலையோடுதான் வந்தார்கள். நான் கத்தியிருந்தால் அவள் இன்னும் பிடிவாதம் பிடித்திருப்பாள். தலையும் அவளுடையது. ஒருமுறை மருந்து பட்டால் அந்த முடி திரும்ப வராது, வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் வளர்க்க வேண்டும். இது தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என்னோடு வேலை செய்த ஹெயிட்டிக்காரி ஒருத்தி பின்னல் போடுவதில் கெட்டிக்காரி. எதற்கும் வந்து பிள்ளையின் தலையைப் பார் என்றேன். சனிக்கிழமை வந்தாள். மகள் முழுகிவிட்டு ஈரத் தலையோடு இருந்தாள். வந்தவள் 'பொன்ஜூர்' சொன்ன வாயோடு விரல்களை முடிக்குள் விட்டுத் துழாவத் தொடங்கினாள். பொய்முடியை நூலால் தலையில் தைத்துக்கொள்வது அவர்களிடம் சாதாரணம்.

"தையல் எங்கே?"

"தையல் இல்லை."

"யாருக்குக் காது குத்துகிறாய்? கறுத்தப் பிள்ளைக்கு இவ்வளவு வளராது."

"சுடாமல், அவிக்காமல் விட்டால் வளரும்."

பிடித்து ஓர் இழுவை இழுத்தாள். மகள் "ஆய்!" என்று கத்தினாள்.

"மன்னித்துக்கொள், செல்லம். நிஜம்தான்." கொஞ்ச நேரம் அந்த முடியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அடுத்த கிழமை மருந்து போட்டு நிமிர்த்தப் போகிறேன்" என்றாள் மகள், பிரெஞ்சில்.

ஹெயிட்டிக்காரி தன் விக்கைக் கழற்றி மடியில் வைத்தாள். காதுகளுக்கு மேலே இரண்டு பக்கமும் முடியே இல்லை. தோல் மினுங்கியது. எத்தனையோ வருசம் அவளோடு வேலை செய்திருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன்.

"அம்மா எனக்குச் சின்ன வயதிலேயே போடத் தொடங்கினாள். எரியுது என்றால், அழகு வேண்டுமென்றால் பொறு என்பாள். நானும் பொறுத்தேன். பாட்டுக்காரி மாதிரி வருவேன் என்று நினைத்தேன். கடைசியில் வழுக்கைப் பாதிரியார் மாதிரி வந்திருக்கிறேன்."

மகள் சிரித்துவிட்டாள். பிறகு கையை நீட்டி அந்த மினுங்கிய இடத்தைத் தொட்டாள். "இனி வளராதா?"

"இங்கே வளராது."

அவள் விக்கைத் திரும்ப மாட்டவில்லை. அப்படியே உட்கார்ந்து, எந்தப் பின்னல் தண்ணீருக்குத் தாங்கும் என்று காட்டித் தந்தாள். அவள் போன பிறகு மகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மாமியிட்ட நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"

அவளே தொலைபேசியில் சொன்னாள். மச்சாள் என்னோடு கதைப்பதை நிறுத்தினா.

சாமத்தியவீட்டுக்கு முதல் நாள் அந்த ஹெயிட்டிக்காரியே வந்து பின்னிவிட்டாள். தலையோடு ஒட்டி வரிவரியாக ஓடி, பின்னால் சேர்ந்து, ஒற்றைப் பின்னலாக இடுப்புவரை தொங்கியது. மண்டபத்தில் மச்சாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செம்பை எடுத்துத் தண்ணீர் வார்த்தா. பாலும் அறுகும் வழிந்தன. பின்னல் அசையவில்லை. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அலங்காரக்காரியின் சவரி பைக்குள்ளேயே கிடந்தது. அவ சடைநாக நகையை எடுத்துச் சொந்தப் பின்னலிலேயே கட்டினா.

சேலை மாற்றி மகள் மேடைக்கு வந்தபோது யாரோ ஒரு பெண் மச்சாளிடம் கேட்டா. "சவரி வடிவாயிருக்கு. எங்க எடுத்தனியள்?"

"சவரியோ?" மச்சாளின் குரல் மண்டபத்துக்கே கேட்டது. "நல்லா இழுத்துப் பாருங்கோ! எங்கட பிள்ளையின்ர சொந்தத் தலைமயிர். மருந்து, கிருந்து ஒண்டும் இல்லை!"

எங்கட பிள்ளையாம். பத்தை என்று சொன்ன அதே வாய். நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சாள் காட்டுவதற்குப் பின்னலைப் பிடித்துவிட்டா. மகள் அதை மெதுவாக அவ கையிலிருந்து எடுத்து, தன் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டாள்.

"இழுக்காதேங்கோ மாமி" என்றாள். "பாத்தாப் போதும்."