போன ஜென்மத்து எல்லைக்கல்

முற்பிறவியில் நான் யார் என்று தெரிந்துகொள்வதென இன்று காலை, இரண்டாவது இட்லியின்போது, தீர்மானித்தேன். பக்கத்து வீட்டு முனிரத்தினத்தின் பைக்கில், என் முட்டி வலியையும் ஏற்றிக்கொண்டு, நகரியிலிருந்து புத்தூர் ஜோசியரிடம் போனோம்.

என் காம்பவுண்டுச் சுவர் தன் மனைக்குள் ஓரடி நிற்கிறது என்பது முனிரத்தினத்தின் கட்சி. இல்லை என்பது என் கட்சி. மற்றபடி நண்பர்கள்.

என் ஜாதகத்தில் பூர்வ புண்ணியம் இருக்க வேண்டிய ஐந்தாம் கட்டத்தில் விரலை வைத்து, ஜோசியர் உதட்டைப் பிதுக்கினார்.

"போன ஜென்மத்துல எல்லைக்கல்லை நவுத்திகீறீங்க சார். அதான் இந்த முட்டி வலி."

"நான் பொறந்த காலத்துல ஆந்திராவும் மெட்ராஸுமே கல்லைத் தூக்கிக்கினு அலைஞ்சாங்க. என்னை மட்டும் சொல்றீங்களே?"

"அவங்க ஜாதகம் என்கிட்ட இல்லியே."

பரிகாரம், பறித்த நிலத்தைத் திருப்பித் தருவது. யாருக்கு என்று கட்டத்தில் இல்லை.

"அதுக்குத்தான் நான் கீறேனே அண்ணா," என்றார் முனிரத்தினம்.

வீட்டு வாசலிலேயே என் மனைவியிடமும் சொல்லிவிட்டார்.

"ரெண்டு வருசமா தைலம் தேய்க்கிறவ நானு," என்றாள் அவள். "சுவத்தை இடிங்க."

இதை எழுதும்போது கொத்தனார் மூன்றாவது வரிசைச் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்.