சம்பந்தியோடு கட்டிய படகு

எனக்குக் கோபம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து பேக்டரியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். இலை உருட்டும் ரோலர் நின்றுவிட்டால் கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது. ஓடு, கழற்று, பூட்டு, நடுவில் நாலு பேரைப் பார்த்துக் கத்து. அந்த அவசரம் உடம்பில் ஊறிப்போய்விட்டது. ஓய்வு பெற்று மாத்தளை டவுனுக்கு வந்த பிறகும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

வீட்டில் கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றினேன். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றித் திரும்பப் பூட்டியபோது ஒரு போல்ட் மிச்சம் வந்தது.

"இன்னும் நாலு நாள் போனா என்னையும் கழட்டிப் பாப்பீங்க போல," என்றாள் மனைவி.

அந்த நேரத்தில்தான் படகு வந்து மாட்டியது. என் ஒரே மகளை நாவுலவில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. மாதம் ஒருமுறை வந்து போவார். மகள் மாமனார் வீட்டில் இருந்தாள். சம்பந்தி மனைவியை இழந்தவர், மேசை, நாற்காலி செய்யும் மரத்தளபாடப் பட்டறை வைத்திருப்பவர். அவரைப் பார்க்கப் போன ஒரு நாள், நீர்த்தேக்கத்துப் பக்கம் நடக்கக் கூட்டிப்போனார். மூடிப்போன ஒரு விடுதியின் வளவில், இலுக்குப் புல்லுக்குள், ஒரு மரப்படகு சாய்ந்து கிடந்தது. பின்பக்கம் வண்டிச் சக்கரம் மாதிரி, ஆள் உயரத்துக்குப் பெரிய சில்லு. சில்லைச் சுற்றிப் பலகைகள். அது சுழன்றால் பலகைகள் தண்ணீரைத் தள்ளும், படகு முன்னால் போகும். ஒரு காலத்தில் தெற்கே ஏதோ ஆற்றில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஓடியதாம். விடுதிக்காரர் ஆசைப்பட்டுக் கொண்டுவந்து போட்டு, அப்படியே மறந்துவிட்டார். கேட்டதும், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றுவிட்டார்.

"செஞ்சு பாப்பமா சம்மந்தி?" என்றேன்.

அவர் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒரு பலகையைத் தட்டிப் பார்த்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, இன்னொரு சுற்றும் சுற்றி வந்த பிறகுதான், "செய்யலாங்க," என்றார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான் பெண்ணைக் கொடுத்தவன். சம்பந்தியிடம் கத்த முடியுமா? பேக்டரி மேனேஜரிடமே கத்தியிருக்கிறேன், அது வேறு. இங்கே நான் ஒரு வார்த்தை தவறிப் பேசினால், அங்கே மகளின் தட்டில் சோறு கசக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் படகு வேலைக்கு நான் பஸ் ஏறும்போது மனைவி ஒரே மந்திரத்தைத்தான் சொல்லுவாள்: "வாய மட்டும் தெறந்துறாதீங்க."

மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. படகை அங்கேயே கரையோரம் வைத்து அடிப்பலகைகளை மாற்றினோம். உழவு இயந்திரத்தின் டீசல் எஞ்சின் ஒன்றைத் தூக்கி வைத்து, சில்லுக்குச் செயின் பூட்டினேன். அவர் மரம், நான் இரும்பு. சண்டைக்கு இடமே இல்லை.

அதற்குப் பிறகு, மழை தொடங்கிய ஒரு நாள், மகள் ஒரு சின்ன பேக்கோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். நாலு நாள் நாலு வாரமானது. நாலு மாதமானது. ஏன் வந்தாள், எப்போது போவாள், ஒன்றும் தெரியவில்லை. மனைவியைக் கேட்டால், "பொண்ணு பொறந்த வீட்டுல இருக்கக் கூடாதா?" என்பாள். மகளைக் கேட்டால், "பாப்பம்ப்பா," என்பாள். கத்தியும் பார்த்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேட்கப் போய் வாயை விட்டுவிடுவேனோ என்று சம்பந்தியிடம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எனக்கு முன்னால் எழுந்துவிடுவாள். இரண்டு சோற்றுப் பார்சல் கட்டுவாள். ஒன்று எனக்கு. மற்றது அவள் மாமனாருக்கு, அவருக்கு வயிற்றுப் புண் என்பதால் உறைப்பே இல்லாத கறி. அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்காரும்போது எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். வெறுத்துவிட்ட வீட்டுக்கு யாராவது இப்படிப் பார்த்துப் பார்த்துச் சமைப்பார்களா? மாப்பிள்ளையோடு ஏதோ சின்ன மனத்தாங்கல்தான், சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்தப் படகு ஒன்றுதான். அது முடிந்துவிட்டால் நான் என்ன சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவது? அந்தப் பயம் ஒரு பக்கம். எதையும் முடிக்காமல் விட முடியாத என் புத்தி மறு பக்கம். வேகமாகச் செய்தாலும் பதற்றம், மெதுவாகச் செய்தாலும் பதற்றம்.

சம்பந்தியோ அதற்குப் பிறகு ஆமையானார். பூட்டி முடித்த பலகையைத் தடவிப் பார்ப்பார். "இது சரி வரலிங்க, கழட்டிருவோம்," என்பார். சில்லின் பன்னிரண்டு பலகையும் இழைத்து, எண்ணெய் பூசிக் காயவைத்த பிறகு, "இன்னொரு தரம் இழைச்சிருவமா?" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பலா மரத்துக்குப் பின்னால் போய், ஒரு தார் டின்னை வாயில் வந்தபடியெல்லாம் திட்டிவிட்டு வந்தேன். "யாருங்க அங்க?" என்று கேட்டார். "நாய்ங்க," என்றேன். மிச்சக் கோபமெல்லாம் திரும்பி வரும்போது பஸ் கண்டக்டர் மேல் இறங்கும். பாவம், கடைசியில் என்னைக் கண்டால் மிச்சச் சில்லறையை முதலிலேயே நீட்டிவிடுவார்.

நீர்த்தேக்கத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கரை கீழே கீழே போனது. இதற்கு மேல் விட்டால் படகைச் சேற்றில்தான் இறக்க வேண்டும்.

"அடுத்த ஞாயித்துக்கெழம தண்ணியில விட்டுருவோம் சம்மந்தி. மாப்பிள்ளையையும் வரச் சொல்லுங்க. நான் மகளக் கூட்டிட்டு வாறேன்," என்றேன். இரண்டு பேரையும் ஒரே படகில் ஏற்றி நடுத் தண்ணீருக்குக் கொண்டுபோய்விட்டால், இறங்கி ஓடவா முடியும்? பேசித்தானே ஆக வேண்டும். இதுதான் என் திட்டம்.

அவர் உளியை வெகுநேரம் துடைத்தார். "இன்னும் கொஞ்சம் வேல இருக்குங்களே."

"என்னங்க வேல? பலகையெல்லாம் தேஞ்சு கடதாசியாப் போச்சு!" குரல் ஏறிவிட்டது. உடனே அடக்கிக்கொண்டேன். அவர் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

கூப்பிட்டதும் மகள் மறுபேச்சில்லாமல் வந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளை வரவில்லை. டிராக்டரில் கட்டி, தென்னங்குற்றிகளின் மேல் உருட்டிப் படகை இறக்கினோம். மிதந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. "ஏறு மகளே," என்றேன். "நீங்களும் மாமாவும் மொதல்ல போயிட்டு வாங்கப்பா," என்று கரையிலேயே நின்றுகொண்டாள்.

நான் முன்னால் உட்கார்ந்தேன். சம்பந்தி பின்னால், எஞ்சின் பக்கம். சில்லு சுற்றத் தொடங்கியது. சளார் சளாரென்று பலகைகள் தண்ணீரை அடிக்க, கரை பின்னால் போனது. சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினேன். நடுத் தண்ணீருக்கு வந்ததும் எஞ்சின் நின்றது.

"செயினா?" என்று எழுந்தேன்.

"இல்லிங்க, நாந்தான் நிப்பாட்டினேன். உக்காருங்க சம்மந்தி. ஒரு விஷயம் சொல்லணும்."

உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மிதித்துக்கொண்டிருந்த பலகையைப் பார்த்துப் பேசினார்.

"எம் மகனுக்குக் கொழும்புல வேற குடும்பம் இருக்குங்க. புள்ளையும் இருக்கு. தப்பு முழுக்க எங்க பக்கம். உங்க மக பிரிஞ்சிர்றதுன்னு முடிவு எடுத்துட்டா."

"எப்ப?"

"பேக்க எடுத்துட்டுக் கெளம்புன அன்னைக்கே."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எங்கிட்டதாங்க மொதல்ல சொன்னா. ‘அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க மாமா, அவரு கத்தாத ஒரே ஆளு நீங்கதான்’னு கேட்டுக்கிட்டா. நானும் சரின்னுட்டேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இன்னைக்குச் சொல்லிரணும்னுதான் எந்திரிப்பேன். நீங்க அந்தச் சோத்துப் பார்சலத் தூக்கிக்கிட்டு பஸ்ஸ விட்டு எறங்குவீங்க. மொகத்தப் பாத்தா வாய் வராதுங்க. பலகையக் கழட்டிருவோம்னு சொல்லிருவேன்."

"எம் பொஞ்சாதிக்கும் தெரியுமா?" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அதுவே பதில். நாலு மாதம். என் வீட்டில் மூன்று தட்டு வைத்துச் சாப்பிட்டோம். அதில் இரண்டு பேருக்குத் தெரியும். என் மகள் இவ்வளவு பெரிய இடியைத் தலையில் வாங்கிக்கொண்டு வந்து, அழுவதற்குக்கூட என் பக்கத்தில் வரவில்லை. என் வாய்க்குப் பயந்துதான் வரவில்லை. மாப்பிள்ளை மேல் வந்த கொதிப்பைவிட அது அதிகமாகச் சுட்டது.

"இனிமே நான் உங்களுக்குச் சம்மந்தி இல்லிங்க," என்றார் அவர். "கத்துறதுன்னா கத்துங்க. கேட்டுக்கிறேன்."

வாயைத் திறந்தேன். முப்பது வருஷக் கெட்ட வார்த்தை எல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. அப்போது கரையைப் பார்த்தேன். மகள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பேச்சுக் கேட்காது. ஆனால் நான் கத்தினால் என் இரண்டு கையும் தானாகத் தலைக்கு மேல் போகும். அதைப் பார்க்கத்தான் நிற்கிறாள்.

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க சம்மந்தி," என்றேன்.

அவர் இரண்டு தடவை ஹேண்டிலைச் சுற்றினார். மூன்றாவது தடவை பிடித்தது. கரை வரும் வரை நான் கையை எடுக்கவில்லை. மகள் சேற்றைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து, படகின் விளிம்பைப் பிடித்தாள்.

"மாமா சொல்லிட்டாங்களாப்பா?"

"சொல்லிட்டாரும்மா," என்றேன். அவ்வளவு மெதுவாக நான் பேசி அவள் அதுவரை கேட்டதில்லை. அப்போதுதான் அவள் என் மடியில் முகத்தை வைத்து அழுதாள்.