எந்த மாமா?

ரிடையர் ஆன நாள் வரைக்கும் ரமாபாய்க்கு ஆஸ்பத்திரியில் 'எந்த மாமா' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. புதிதாக வந்த நர்சுகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டு ரிக்கார்டு ரூமுக்குள் போய்விடுவாள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்திருந்தால் ஒருத்தியும் சிரித்திருக்க மாட்டாள்.

டோல்கேட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த, பெரியதும் இல்லாத சின்னதும் இல்லாத ஆஸ்பத்திரி அது. பின்பக்கம் சமையல்கட்டுக்கும் துணி வெளுக்கிற இடத்துக்கும் நடுவே ரிக்கார்டு ரூம். செத்தவர், பிழைத்தவர் என்று பேதம் பார்க்காமல், படுத்து எழுந்த எல்லோருடைய கேஸ் ஷீட்டும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். நம்பர் பார்த்து, வருஷம் பார்த்து, நாடா போட்டுக் கட்டி அடுக்கி வைப்பது ரமாபாயின் வேலை. வார்டில் வேலை பார்த்த புருஷன் திருமலை மஞ்சள்காமாலையில் போன பிறகு, கருணை அடிப்படையில் அவளுக்குக் கொடுத்தது. எட்டாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஆஸ்பத்திரி நிர்வாகம் பார்த்த டாக்டர் ஆர்.எம்.ஓ. அம்மா அவளை நிற்க வைத்து, கேஸ் ஷீட்டை வெளியே கொடுப்பதற்கு நாலு விதி சொன்னார். நோயாளி எழுதிக் கொடுக்க வேண்டும். யாரிடம் தருவது என்பதை உறவு சொல்லி அதில் எழுதியிருக்க வேண்டும். வாங்க வருகிறவர் ரேஷன் கார்டு காட்ட வேண்டும். ஆர்.எம்.ஓ. கையெழுத்து வேண்டும். "இதுல ஒண்ணு குறைஞ்சு ஒரு காகிதம் வெளியே போனாலும் உன் வேலை போயிடும்" என்றார். ரமாபாய் அதைச் சாமி வாக்கு மாதிரி பிடித்துக்கொண்டாள். வியாசர்பாடியில் அவள் வீட்டுச் சுவரில் அம்பேத்கரும் புத்தரும் இருந்தார்கள். சாமி என்று சொன்னால் கோபப்படுவாள். ஆனாலும் அப்படித்தான் பிடித்துக்கொண்டாள்.

ஒரு தடவை ஏட்டு ஒருத்தர் வந்து ஒரு கேஸ் ஷீட்டைக் கேட்டு அதட்டினார். "கோர்ட்டு லெட்டரு கீதா? இல்லாங்காட்டி ஒரு டீ குட்ச்சுட்டு கெளம்பு நைனா" என்று அனுப்பிவிட்டாள். தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவளின் கர்ப்பப்பையில் என்ன என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்தில் வாயைத் திறந்ததில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாய்க்குத் தீனி போகாமல் பார்த்துக்கொள்ள அவளால் முடிந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஆடி மாதம் முடிகிற சமயம். செங்கொடி என்ற பெண் வந்தாள். இருபத்து மூன்று வயது. திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டவள். துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டிய புருஷன், காய்ச்சல் காய்ச்சல் என்று கிடந்து மாசியில் செத்துப்போனான். இவளுக்கும் இருமல் நிற்கவில்லை என்று சோதித்ததில் எச்.ஐ.வி. என்று வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு இங்கே இருக்கிற ஷீட்டின் நகல் கேட்டிருக்கிறார்கள்.

"நகல் எடுக்க நாலு நாள் ஆவும். நீயே வந்து வாங்கிக்கோ" என்றாள் ரமாபாய்.

"இன்னொருக்கா வர முடியாதுக்கா. இன்னிக்கே பல்லு வலின்னு பொய் சொல்லிட்டுத்தான் வந்துகீறேன். எங்க மாமா வருவாரு, அவராண்ட குடுத்துடு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவரத் தவிர யாருக்கும் தெரியக் கூடாதுக்கா. மாமியா காதுல உழுந்துச்சுன்னா பாப்பாவப் புடுங்கிக்கினு என்னத் தொரத்திடுவா. ரெண்டு வயசு தாங்க்கா ஆவுது. உசுரு கீற வரைக்கும் அதுகூட இருந்துட்டுப் போயிடறேன்."

செங்கொடிக்கு எழுத வராததால் கடிதத்தை ரமாபாயே எழுதினாள். 'என் கேஸ் ஷீட்டின் நகலை என் மாமா வசம் கொடுக்கவும்.' செங்கொடி எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

பெயர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால், ரமாபாய்க்கு மாமா என்றால் ஒரே ஆள்தான். அம்மாவின் தம்பி ஞானம். அவர் மகன் திருமலையைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். தாய்மாமனும் அவர்தான், மாமனாரும் அவர்தான். அத்தைக்காரி சண்டைக்கு வரும்போதெல்லாம் "எங்கக்கா பொண்ணு மேல கைய வெச்சே, அவ்ளோதான்" என்று குறுக்கே வந்து நின்றவர். மாமியார் கொடுமைக்காரி, மாமா நல்லவர் என்று இந்தப் பெண் சொன்னது ரமாபாய் காதில் தன் வீட்டுக் கதையாகவே விழுந்தது. அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

நாலாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். கம்பெனி வாட்ச்மேன் காக்கிச் சட்டை, சாதுவான முகம். கையில் செங்கொடியின் ஓ.பி. சீட்டு. முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை மாமியார்க்காரி கண்டுபிடித்து, என்ன நோயென்று விசாரித்துக்கொண்டு வா என்று இவரை விரட்டியிருந்தாள். அது ரமாபாய்க்கு எப்படித் தெரியும்?

"நீங்க யாரு அந்தப் பொண்ணுக்கு?"

"மாமா."

"வா நைனா, ஒன்னத்தான் எதிர்பாத்துகினு கீறேன்" என்றாள் ரமாபாய்.

கல்லில் நார் உரிக்க வைக்கிறவள், அன்றைக்கு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். ரேஷன் கார்டு கேட்டாள். கிருஷ்ணப்பன் என்று அவர் பெயர், கீழே செங்கொடியின் பெயரும் இருந்தது. நாலு விதியும் பழுதில்லாமல் பொருந்தின. ஆர்.எம்.ஓ. கையெழுத்துப் போட்டார். கவரை ஒட்டிக் கொடுத்து, "பத்திரமா எட்துனு போ. பாவம் அந்தப் பொண்ணு" என்று வேறு சொல்லி அனுப்பினாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பொய் ஒன்றும் அவர் சொல்லவில்லை.

படிக்கத் தெரியாத மனிதர். டோல்கேட்டில் மருந்துக்கடை ஒன்றில் கவரைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் நாலு பேர் நிற்கும்போதே உரக்கப் படித்துவிட்டார். இவர் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. புருஷனுக்கு வந்த வியாதியை அவனுக்குக் கொடுத்தவளே இவள்தான் என்று மாமியார் தெருவில் நின்று கத்தினாளாம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று யோசிக்க அந்தத் தெருவில் ஒருவருக்கும் நேரமில்லை. பாப்பாவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, செங்கொடியின் துணிகளை வெளியே எறிந்தார்கள்.

அது எதுவும் தெரியாமல், மறுநாள் காலையிலேயே வந்தார் இன்னொருவர். லுங்கி, தோளில் துண்டு, வேர்த்து வழிகிற முகம்.

"மீஞ்சூர்லேர்ந்து வரேம்மா. எம்பேரு மாரியப்பன். செங்கொடிக்கு மாமா. ஏதோ காயிதம் வாங்கியாரச் சொல்லிச்சு."

ரமாபாய் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தாள்.

"எந்த மாமா?" என்றாள்.

"இதென்னம்மா கேள்வி? அவங்கம்மாகூடப் பொறந்தவன். தாய்மாமன்."

ரமாபாய் தானே ஆர்.எம்.ஓ.விடம் போய்ச் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனாள். அவர் கடிதத்தைப் பார்த்தார், ரிஜிஸ்டரைப் பார்த்தார், ரேஷன் கார்டு நம்பரைப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு. உன்மேல தப்பில்லை, போ" என்றார். திட்டியிருக்கலாம். அந்த வார்த்தையை ரமாபாயால் சாகிறவரை செரிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கிக்கொண்டு பேசின் பிரிட்ஜில் ரயில் ஏறினாள். மீஞ்சூரில் மாரியப்பன் வீட்டு வாசலில் செங்கொடி பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நாந்தான் குடுத்தேன். ஒம் மாமனாராண்ட நாந்தான் தூக்கிக் குடுத்தேன்" என்று ரமாபாய் அழுதாள்.

செங்கொடி அவள் கையைப் பிடித்துப் பாயில் உட்கார வைத்தாள்.

"எனுக்கு ரெண்டு மாமா கீறாங்கன்னு நானாவது சொல்லிர்க்கணும்" என்றாள். பிறகு, "யக்கா, நீ டோல்கேட்டாண்ட தானே கீற? அங்க அவங்க பாப்பாவ இட்டுகினு வந்தா பாரு. சளி புடிச்சிருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள்.

ரமாபாய் பார்த்தாள். வேலை முடிந்ததும் டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் நிற்பது அவளுக்கு வழக்கமாயிற்று. மூன்று முறை பாப்பாவைக் கண்டாள், தாத்தாவின் தோளில். மூன்று முறையும் மீஞ்சூர் போய், சளி இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். அதில் ஒரு முறை சொன்னது பொய்.

அந்தச் சமயத்திலிருந்துதான் ரிக்கார்டு ரூம் வாசலில் நிற்கிற ஒவ்வொருவரையும் அவள் குடைய ஆரம்பித்தாள். மாமா என்றால் எந்த மாமா, அம்மாகூடப் பிறந்தவரா, புருஷனைப் பெற்றவரா? பேர் என்ன? அண்ணன் என்றால் கூடப் பிறந்த அண்ணனா, தெருவில் கூப்பிடுகிற அண்ணனா? கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்து சேர்ந்தது.

செங்கொடி பங்குனியில் இறந்தாள். மூச்சுத் திணறலென்று மீஞ்சூரிலிருந்து தூக்கி வந்தபோது, அவள் கேட்டது இதே ஆஸ்பத்திரியைத்தான். இங்கே இருந்தால் பாப்பாவைக் காட்ட ஒரு வழி கிடைக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. ரமாபாய் திருவொற்றியூருக்கே போய்க் கதவைத் தட்டினாள், மாமியார் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கிருஷ்ணப்பன் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார். செங்கொடி மூன்று நாள்தான் இருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அவள் ஷீட் மற்றவற்றோடு கட்டாக ரிக்கார்டு ரூமுக்கு வந்தது. ரமாபாய் நம்பரைப் பார்த்தாள். உள்ளே பிரித்தாள். பெயர், வயது, விலாசம். உடலைப் பெற்றுக்கொண்டவர் என்று ஒரு கட்டம். அதில் வார்டில் யாரோ அவசரத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்கள்: மாமா.

ரிக்கார்டு ரூமுக்கு வந்த ஷீட்டில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. அது ஐந்தாவது விதி. சொல்லிக் கொடுக்கவே தேவையில்லாதது. ரமாபாய் பேனாவை எடுத்தாள். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில், மிச்சமிருந்த இடத்தில், நிறுத்தி நிறுத்தி எழுதினாள்: 'மாரியப்பன். தாய்மாமன். மீஞ்சூர்.' மை காய்கிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு நாடா போட்டுக் கட்டி, அதனுடைய இடத்தில் வைத்தாள்.