தக்ஷாயினிக்கு அளவான பிரா

உதயரூபன் போட்ட முடிச்சை அவிழ்க்க இன்னொருத்தன் பிறந்து வர வேண்டும் என்று பனிச்சங்கேணியில் சொல்வார்கள். கிழிந்த வலை பொத்தினாலும் சரி, ஆட்டைக் கட்டினாலும் சரி, சோற்றுப் பொட்டலத்துக்கு நூல் சுற்றினாலும் சரி, கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழுவை இழுக்காவிட்டால் அந்த மனிதனுக்கு மனம் ஆறாது. மற்றபடி பரம சாது. பெண்கள் நிற்கிற கிணற்றடிக்குப் போவதென்றால் நாலு வீடு தள்ளியே இருமத் தொடங்கிவிடுவான். அப்படிப்பட்டவன்தான், யுத்தம் முடிந்த அந்த வருடத்து ஆனி வெயிலில், ஓட்டமாவடிக் கடைத்தெருவுக்குப் பிரா வாங்கப் போனான்.

போகாமல் என்ன செய்வான்? வீட்டில் வேறு ஆள் இல்லை. மனைவி தக்ஷாயினிக்கு முதற்பிள்ளை பிறந்து இன்னும் முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழியவில்லை. துடக்கோடு அவள் பஸ் ஏற முடியாது. இதற்கெல்லாம் ஓடித் திரிய வேண்டிய அவளுடைய தாயையும் தமக்கையையும் சுனாமி ஒரே காலையில் கொண்டுபோய்விட்டது. உதயரூபனின் தாயும் அதில்தான் போனாள். வெட்கம் கெட்ட கடல், அந்தப் பக்கத்தில் பெண்களைத்தான் பார்த்துப் பார்த்து எடுத்தது.

இப்போது தக்ஷாயினியின் இடது மார்பில் பால் கட்டிவிட்டது. கல்லாக இறுகிச் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பிள்ளை அந்தப் பக்கம் வாய் வைத்தால் உயிர் போகிற நோவு. அதனால் புருஷனுக்கும் சொல்லாமல் வலது பக்கத்தை மட்டும் கொடுத்துவந்தாள். பிள்ளையை நிறுக்க சைக்கிளில் வந்த மிட்வைஃப் மிஸி, சட்டையை விலக்கிப் பார்த்ததும் முதலில் கண்டது அவள் போட்டிருந்த பிராவைத்தான்.

"இதென்ன தங்கச்சி, கலியாணத்துக்கு வாங்கினதா?"

"ஓம் மிஸி."

"பால் ஊறினா பழைய அளவு காணுமா? கம்பி எப்பிடிப் பதிஞ்சு கிடக்கு, பாருங்க. இப்பிடி நெருக்கினா பால் எங்கால இறங்கும்? கழட்டி வையுங்க. படுக்கக்குள்ளயாவது கழட்டுங்க."

தக்ஷாயினி தலையைக் குனிந்துகொண்டாள். கழற்ற அவளால் முடியாது. சுனாமியன்று கடல் அவளை ஒரு தாழம்பற்றைக்குள் போட்டுவிட்டுப் போனபோது உடம்பில் ஒரு நூல் இல்லை. தூக்கியவர்கள் ஒரு சாரத்தைப் போர்த்துத்தான் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அவள் உடுத்தபடியே படுத்துப் பழகிவிட்டாள். சுனாமி முகாமில் அப்படி. செல் குண்டு விழத் தொடங்கி ஊரோடு ஓடிப் போய்க் கிடந்த முகாமில் அப்படி. திரும்பி வந்து, தகரமும் தறப்பாளுமாகப் போட்ட இந்தக் கொட்டிலிலும் அப்படியே. யாராவது "ஓடு" என்றால் அடுத்த நிமிடம் எழும்பி ஓட ஆயத்தமாக இருக்க வேண்டும். சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னதை அவள் உடம்பு இன்னும் நம்பவில்லை.

மிஸி பழம் தின்று கொட்டை போட்டவர். சொன்னதிலிருந்து கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, கழட்ட மனமில்லாட்டி அளவானதைப் போடுங்க. கம்பி இல்லாத பருத்தி, முன்னால திறக்கிறது. பால் குடுக்கிறத மட்டும் நிப்பாட்டிப் போடாதீங்க. நாளைக்கும் காய்ச்சல் நிண்டா ஆஸ்பத்திரிக்கு வாங்க. சீழ் பிடிச்சா வெட்டித்தான் எடுக்கோணும்."

'வெட்டி' என்ற சொல்லே உதயரூபனுக்குப் போதும். மிஸியின் சைக்கிள் படலை தாண்டுமுன்னே சட்டையை மாட்டிவிட்டான். அளவெடுக்க வீட்டில் ரேப் நாடா ஏது? வலை பொத்துகிற நைலோன் நூல் இருந்தது. மார்புக்குக் கீழே ஒரு சுற்று, அளவு நின்ற இடத்தில் ஒரு முடிச்சு. மேலே ஒரு சுற்று, அதற்கொரு முடிச்சு.

"மூச்சைப் பிடி புள்ள."

"ஆ! நோகுது."

"அளவு பிசகக் கூடாதெல்லோ," என்று சொல்லி, வழக்கம்போல ஒரு இழுவை இழுத்தான்.

வழியில் சோதனைச்சாவடியில் எல்லோரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். உதயரூபனின் சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்த ஆமிக்காரன், ஒரு முடிச்சைப் பார்த்தான், மற்ற முடிச்சைப் பார்த்தான், பிறகு இவன் முகத்தைப் பார்த்தான்.

"மேக மொகத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறான்.

இதை எந்த மொழியில் சொல்வது? தமிழிலேயே வாய் வராத விஷயம். "நோனா... நோனா..." என்று மனைவிக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லைச் சொல்லித் தன் நெஞ்சைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக் காட்டினான். வரிசையில் நின்ற பெண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வட்டத்தைக் கண்ட ஆமிக்காரனுக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. நிழலில் போய்க் குந்தி, முடிச்சுக்குள் ஏதோ ஒளித்திருப்பது போல நகத்தால் கிண்டினான், ஊசியால் நெம்பினான், வேர்த்து வழிந்தான். முடிச்சு உதயரூபனுடையதல்லவா! பஸ் முழுக்கக் காத்து நின்றது. கடைசியில் இரண்டையும் அவிழ்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டு, வெறும் நூலை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

அளவு போய்விட்டது. வீட்டுக்குப் போய் அளவெடுத்து மறுபடி வர அன்றைக்கு இன்னொரு பஸ்ஸும் கிடையாது. உதயரூபனுக்கு அழுகைதான் வந்தது.

ஓட்டமாவடியில் பெண்களுக்கான உடுப்புக்கடை நபீஸா என்ற முஸ்லிம் மனுசியினுடையது; ஊருக்கே அவள் றாத்தா, மூத்த அக்கா. கடைக்குள்ளே நாலைந்து பெண்கள் வேறு நின்றார்கள்.

"என்ன தம்பி வேணும்?"

"ஒரு துவாய், றாத்தா."

எடுத்து வைத்தாள். இவன் அசையவில்லை.

"மறுகா?"

"இன்னொரு துவாய்."

மூன்றாவதுக்கு வாயைத் திறக்கும்போதே நபீஸா இடுப்பில் கையை வைத்துவிட்டாள். "தம்பி, குளிக்கப் போறீங்களா, கடை போடப் போறீங்களா? உள்ளதைச் சொல்லுங்க."

"பிள்ளை பிறந்திருக்கு... பிள்ளைர தாய்க்கு..." மிச்சத்தை அவன் துவாய்க்குள் முகத்தை வைத்துச் சொன்னான்.

"பிராவா? அதுக்கா இந்தப் பாடு? அளவைச் சொல்லுங்க."

நூல் பட்ட பாட்டைச் சொன்னான். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நபீஸா, கடையில் நிமிர்த்தி வைத்திருந்த சீத்தைத் துணிக்கட்டு ஒன்றைக் காட்டி, "எப்பிடிச் சுத்தின? சுத்திக் காட்டுங்க," என்றாள். சுற்றினான். இழுத்தான். துணிக்கட்டு இடுப்பு வைத்துவிட்டது.

"யா அல்லாஹ்! மீன் வழுகிப் போயிருமெண்டா கட்டின நீங்க? இந்த அளவுக்கு நான் தந்திருந்தா அந்தப் புள்ளைர நோவு இன்னும் கூடியிருக்கும். அந்த ஆமிக்காரன் நல்லா இருக்கோணும்!" பிறகு குரலைத் தணித்தாள். "காய்ச்சலில கிடக்கிறவள எழுப்பி இருத்திறது ஆரு?"

"நான்தான்."

"எப்பிடி எழுப்புவீங்க?" அந்தத் துணிக்கட்டைப் படுக்க வைத்தாள். "இந்தக் கட்டை எழுப்புங்க, பாப்பம்."

உதயரூபன் கண்ணை மூடிக்கொண்டான். நோகிற இடத்தில் படக்கூடாது. இந்தக் கிழமை முழுக்க அவன் கைக்கு அந்த ஒரு கவலைதான். இரண்டு கையையும் அகல வளைத்து, துணிக்கட்டின் மேல் பட்டும் படாமலும் பிடித்து, மெல்ல நிமிர்த்தினான். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். நபீஸா ரேப்பை எடுத்து அந்தக் கை வளைவை அளந்தாள்.

"இதுதான் அளவு. பால் குடுக்கிறவள்ர உடம்பைத் தாங்கோணும், நெருக்கக் கூடாது. போட்டாப் பட்டிக்குள்ள ரெண்டு விரல் லேசாப் போகோணும், தெரியுதா? ரெண்டு தாறன், ஒண்டு நனைஞ்சா மாத்த. துவாயையும் கொண்டு போங்க, சுடுதண்ணியில நனைச்சு ஒத்தணம் குடுங்க. நோகிற பக்கத்தை முதல்ல குடுக்கச் சொல்லுங்க. தாய் சொல்லித் தரல்லையா?"

"தாய் இல்ல, றாத்தா. சுனாமி."

தான் சொன்னதையெல்லாம் நபீஸா முதலிலிருந்து இன்னொரு தடவை, பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

பின்னேரம் வீடு வந்து ஒத்தணம் கொடுத்தான். தக்ஷாயினி தறப்பாளுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தாள்.

"பெரிசுபோல கிடக்கு."

"ரெண்டு விரல் போகுதா?"

"போகுது."

"அப்ப அதுதான் அளவு."

முன்பக்கத்தைத் திறந்து பிள்ளையை இடது பக்கம் வைத்தாள். அவன் தோளில் அவள் நகம் பதிந்தது. கத்தினாள். பிள்ளை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் மடக்கு மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. அப்போது பிள்ளை வாய் வைக்காத வலது பக்கத்திலும் பால் தானாகக் கசிந்து, புதுப் பிரா தொப்பலாக நனைந்துபோனது.

"ஐயோ, புதுச்சட்டை!" என்று சிரித்தாள். சிரித்தபடியே, "அம்மா இருந்தா இதைத்தான் வாங்கி வந்திருப்பா," என்று அழுதாள். உதயரூபனும் கூடச் சேர்ந்து நன்றாக அழுதான். பிள்ளைக்கு இதொன்றும் பொருட்டில்லை, அது தன் வேலையைப் பார்த்தது.

விடியக் காய்ச்சல் விட்டிருந்தது. கட்டி இளகிவிட்டது. மத்தியானத்துக்குள் இரண்டு பிராவும் நனைந்துவிட, அவனே தோய்த்துக்கொண்டுபோய் ரோட்டுப் பக்கமாக வலை காயப்போடுகிற கம்பில் போட்டான். பெண்கள் அதை ஒரு துணிக்குக் கீழே ஒளித்துத்தான் காயப்போடுவார்கள்.

"இஞ்சருங்க, மேல துவாயைப் போடுங்க! பஸ்ஸில போறவங்க பார்ப்பாங்க!"

"பார்க்கட்டும். வெயில் பட்டாத்தானே காயும்."

பஸ் போனது. பார்த்தார்கள். அவன் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தேத்தண்ணி கேட்க உள்ளே போனான். பாயில் பிள்ளை ஒரு பக்கம், தக்ஷாயினி ஒரு பக்கம். பழைய பிரா மூலையில் கிடந்தது. அவள் அதை எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. உடம்பில் ஒரு தொளதொளத்த சட்டை மட்டும்தான். அதிலும் இரண்டு பொத்தான் திறந்து கிடந்தது. கையைக் காலை எறிந்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கட்டிய நாளிலிருந்து அவளை அவன் இப்படிக் கண்டதில்லை.

தேத்தண்ணியை மறந்து வெளியே வந்து வாசலில் குந்தினான். ரோட்டால் போன பக்கத்து வீட்டு நல்லரத்தினம், கம்பில் ஆடிய இரண்டையும் கண்டுவிட்டு, "என்ன உதயா, இதென்ன புது வலை?" என்று பெரிய குரலில் கேட்டார்.

"மெதுவாக் கதையுங்க, அண்ணே," என்றான் உதயரூபன். "அவ நித்திரை கொள்றா."